பார்த்தால்தான் எழுதுவார்

அவரிடம் "ஊர்ல அம்மா நல்லா இருக்காங்களா சார்?" என்று மரியாதைக்குக்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால், "போன ஞாயித்துக்கெழம சாயங்காலம் போன்ல நல்லா இருந்தா அண்ணாச்சி" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது? ஊரில் மழையா என்றால், "நான் இங்கல்லா இருக்கேன்" என்பார். டீ மாஸ்டர் "சக்கரை போதுமா சார்?" என்று கிளாஸை நீட்டினால், குடித்துப் பார்த்த பிறகுதான் பதில் வரும். அதற்குள் மாஸ்டர் நாலு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்திருப்பார்.

ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது இருங்காட்டுக்கோட்டையில் பிரேக் பார்ட்ஸ் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம், இரண்டாயிரத்தொன்று வாக்கில். பஸ் என்னுடையது இல்லை, படப்பையில் ஒரு டிராவல்ஸ்காரருடையது. கம்பெனியில் ஏற்றுகிற ஆட்களை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை என்று உதிர்த்துக்கொண்டே வர வேண்டும். அவர் அந்தக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். பெட்டிக்குள் போகப்போகிற சாமானைக் கடைசியாக ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நாற்பதைத் தொட்டிருப்பார், என்னைவிட நாலைந்து வயது கூட. கல்யாணம் ஆகவில்லை. பெரியவர் சின்னவர் பேதமில்லாமல் எல்லாரும் அவருக்கு அண்ணாச்சிதான். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியும் அண்ணாச்சி, கார் கதவைத் திறந்து இறங்குகிற முதலாளியும் அண்ணாச்சி.

மற்றவர்களுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். இவருக்கு மட்டும் வருஷம் பூரா நைட். அது ஏன் என்று பின்சீட்டில் உட்காருகிற பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் சாமான் ஏற்ற வந்த லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. நாற்பது பெட்டி போக வேண்டும். இவர் முப்பத்தொன்றைப் பார்த்து முடித்திருக்கிறார். மேனேஜர் ஓடி வந்து, "அதே மெஷின், அதே ஆளு, அதே நாள்ல ஓட்டினது. மீதியும் அப்படித்தான்யா இருக்கும், போடு கையெழுத்த" என்றிருக்கிறார். "இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா நான் பாக்கலையே" என்று இவர். முப்பத்தொரு பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஃபாரத்தில் காலியாகக் கிடந்த ஒன்பது வரிகள் மேலே, இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு ஸ்கேல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாராம். கையெழுத்துக்கு அப்புறம் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாது என்று இன்ஸ்பெக்ஷன்காரர்கள் போடுகிற கோடு அது. அதை மேனேஜர் மூஞ்சிக்கு நேராகப் போட்டார். அடுத்த வாரத்தில் இருந்து நிரந்தர நைட்.

"இன்னா சார், ஒரு கையெழுத்துல இன்னா பூடுது? இப்ப பாருங்க, ராவெல்லாம் முழிச்சிகினு கீறீங்க" என்று ஒரு நாள் வாயைக் கிண்டினேன்.

"நைட்லயும் லைட்டு போட்டுத்தான வச்சிருக்காவ அண்ணாச்சி. சாமான் நல்லாவே தெரியுது" என்றார்.

கோபமே இல்லை. உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறாரா இந்த மனுஷன் என்று எனக்குத்தான் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் ஷிப்ட் கிடையாது. சனிக்கிழமை நைட் பார்த்தவர்களைக் காலை ஆறு மணிக்கு ஏற்றி இறக்கிவிட்டால், மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பஸ் சும்மாதான் கிடக்கும். அவருக்கு ரூம் ஸ்ரீபெரும்புதூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்க மாட்டார்; சனி நைட்டுக்கு வருகிற கொஞ்சம் ஆட்களும் அங்கேயே இறங்கிவிட, பஸ்ஸில் அவர் மட்டும்தான் இருப்பார். ஒரு சித்திரை மாசம்தான் நான் அதைக் கவனித்தேன். ஒரகடம் போகிற ரோட்டில், ஏரிக்கரை தாண்டி முள்ளுக்காடு ஆரம்பிக்கிற இடத்தில், "இங்கன நிறுத்துங்க அண்ணாச்சி" என்றார். வயிறு சரியில்லை போல என்று நினைத்து நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் பார்த்தேன், பத்து நிமிஷம் பார்த்தேன், ஆள் வரவில்லை. ஹாரன் அடித்ததும் புதருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

அடுத்த வாரமும் அதே இடம். "இன்னா சார், யாருனா வெய்ட் பண்றாங்களா உள்ளே?" என்றேன்.

"குருவி பாக்கப் போறேன் அண்ணாச்சி. பூ இருந்தா அதையும்."

சித்திரை வெயிலில் முள்ளுக்காட்டில் பூவாம்! யார் காதில் சுற்றுகிறார் என்று நினைத்தேன். பொம்பளை விஷயம்தான், சந்தேகமே இல்லை. மூன்றாவது வாரம் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். கால் கிலோமீட்டர் போயிருப்பார். ஒரு கிளாச்செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம். அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு. வேறு யாரும் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு ஏமாற்றம்! சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்காக ஒருத்தி வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

திரும்பிப் பார்க்காமலே, "முள்ளு இருக்கு, பாத்து உக்காருங்க" என்றார். நான் வந்தது முதலிலேயே தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து நானும் போக ஆரம்பித்தேன். குருவி ஆசை எல்லாம் இல்லை. என் வீட்டுக்காரி அந்த வருஷம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வாலாஜாபாத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. தப்பு என் பேரில்தான்; குடித்துவிட்டுக் கை நீட்டிவிட்டேன். குடியை நிறுத்தினேன், போய்க் கூப்பிட்டேன், அவள் வாசலுக்கே வரவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா கோயில் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். "எங்கப்பா உன் வூட்டம்மா, இன்னும் வரலியா?" சாமியார் வேறு தோளில் கை போட்டுக்கொண்டு தனியாகக் கூப்பிடுவார். அதற்கு முள்ளுக்காடே தேவலை. அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவர் கேட்கவே மாட்டார்.

அந்த மாதிரி ஒரு வழித்துணையை நான் பார்த்ததில்லை. இருபது அடி முன்னால் அவர், பின்னால் நான். இரண்டு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கொண்டலாத்தி, பனங்காடை எல்லாம் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும், இங்கேயே பிறந்தவன். அவரிடம் இருந்ததெல்லாம் அந்த நோட்டுதான். ரிஜெக்ஷன் ஸ்லிப்புகளின் பின்பக்கம் காலியாக இருக்கும் இல்லையா, அவற்றை அடுக்கி ஊசி நூல் கோத்துத் தைத்திருந்தார். தேதி, நேரம், என்ன பார்த்தார், எத்தனை பார்த்தார். எழுதி முடித்து மிச்சம் இடம் இருந்தால் அங்கேயும் ஸ்கேல் வைத்துக் குறுக்குக் கோடு. காட்டுக்கு ஸ்கேல் கொண்டுவருகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

ஒரு தடவை கௌதாரி கத்தியது. பத்தடியில் ஒரு காரைப் புதர், அதற்குள்ளே. காது செவிடு ஆகிற மாதிரி கத்துகிறது. "கௌதாரி சார், எழுதிக்கோங்க" என்றேன். பேனாவை எடுக்கவில்லை. நின்றார். ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. வெயில் பிடரியில் ஏறுகிறது. கௌதாரி உள்ளேயே கத்திக்கொண்டிருக்கிறது, வெளியே தலை காட்டவில்லை.

"யோவ் சார், கௌதாரி கத்தாம புதரா கத்தும்?"

"கௌதாரியாத்தான் இருக்கணும். ஆனா நான் பாக்கலையே."

எட்டே முக்காலுக்கு அது சத்தத்தை நிறுத்திக்கொண்டது. எந்தப் பக்கமாகப் போனது என்றே தெரியவில்லை. அன்றைக்கு நோட்டில் கௌதாரி ஏறவில்லை. நான் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு வந்தேன். அவர் பின்னால் நடந்து வந்தார். வழியில் ஒரு தடவை மட்டும், "நல்ல குரல்" என்றார்.

கல்யாணம் தட்டிப்போனதும் இந்தக் குணத்தால்தான். அதை அவர் வாயாலேயே கேட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் டீக்கடையில். பெண் வீட்டுக்காரர்கள் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பெண்ணோட மாமா சம்பிரதாயத்துக்கு, "மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். இவர் யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் இல்ல" என்றிருக்கிறார். அவ்வளவுதான், காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, டீ மூக்கில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "நல்ல பிள்ளை அண்ணாச்சி. உள்ள இருந்து எட்டிப் பாத்துச்சு, ஒரு தடவ" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஒரு தடவைக்கு மேலே அவர் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

காட்டுக்குள் ஒரு சரளைக்கல் மேடு உண்டு. சரிவாக இருக்கும், மரம் கிடையாது, புல்கூட ஒழுங்காக வளராது. பார்த்தால் ஒன்றுமே இல்லாத பொட்டல். அங்கேதான் ஒரு நாள் என் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தார். காலுக்குக் கீழே என்னவோ என்று பார்த்தால் சருகு. அவர் நீட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு சருகுக்குள் ஒரு கண் தெரிந்தது. பக்கி! முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, வெறும் தரையில், கூடு கிடையாது, நிழல் கிடையாது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அது ராத்திரிப் பறவை; எங்கள் ஊரில் பக்கி கத்தினால் ஆகாது என்பார்கள். அது தானே ஆகாத வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் வந்த வழியே பின்னாலேயே காலெடுத்து வைத்து நகர்ந்தோம். வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு அந்தக் கண்தான் ஞாபகம். அன்றைக்குச் சாயங்காலம் வாலாஜாபாத்துக்கு இன்னொரு தடவை போனேன். வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

அதே மேட்டில்தான் அந்தப் பூவும். வைகாசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், அந்தப் பொட்டல் முழுக்க வெள்ளை. முழங்கால் உயரம்கூட இல்லை, இலை இல்லை, தரையில் இருந்து நேரே காம்பு, காம்பு நுனியில் வெள்ளைப் பூ. அப்படி ஒரு வாசம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அது வரைக்கும் பார்த்ததில்லை. அந்த ரோட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை பஸ் ஓட்டுகிறவன்! ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாவைக் கேட்டதற்கு, "நரிவெங்காயம்பா. கெயங்கு அடியிலே கீது. மொத மழைக்கு மேல வரும், ரெண்டு நாள்ல பூடும்" என்றாள்.

அவர் எண்ண ஆரம்பித்தார். குனிந்து, ஒவ்வொன்றாக, விரல் நீட்டி. ஒன்பது மணிக்கு வெயில் ஏற ஏற பூவெல்லாம் துவண்டு மடங்க ஆரம்பித்தது. எண்ணியது எது, எண்ணாதது எது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டின் ஓரமாக உட்கார்ந்தார். "அண்ணாச்சி, இத பாக்காமலே நான் செத்துப்போயிருப்பேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் மழையே இல்லை. ஏரி வெடித்துப்போயிற்று. கோடை மழை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வைகாசியும் அந்த மேட்டுக்குப் போனோம், வெறும் சரளைதான். அவர் தேதி எழுதி, 'பூ இல்லை' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு வருவார்.

மூன்றாவது வருஷம் பங்குனியில் செய்தி வந்தது. கம்பெனி இரண்டாவது ஃபேக்டரி கட்டப்போகிறது, அந்த முள்ளுக்காட்டை வாங்கிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் போக்கிடம் என்று இருந்தது அது ஒன்றுதான். அது போனால் ஞாயிற்றுக்கிழமையே போன மாதிரி.

ஆனால் அடுத்த வாரம் அவர் பஸ்ஸில் ஏறும்போது முகம் மலர்ந்திருந்தது. பர்சனல் ஆபீசர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இடத்தில் என்ன செடி, என்ன பறவை இருக்கிறது என்று எழுத மெட்ராஸில் இருந்து ஒரு சர்வேக்காரர் வருகிறார். நாலு நாள். "உனக்குத்தான் அந்தக் காடு தெரியுமாமே, நீ கூடப் போய் லிஸ்ட் எடுத்துக் கொடு" என்று. நாலு நாளும் பகல் ஷிப்ட்! அவரைக் கம்பெனி ஒரு விஷயத்துக்குத் தேடிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அவர்களை ஏற்றிக்கொண்டு போக என் பஸ்ஸைத்தான் விட்டார்கள்.

சர்வேக்காரர் கண்ணாடி போட்ட, தன்மையான மனுஷன். முதல் நாளே சொன்னார், "இடம் நிறைய இருக்கு சார். எங்கேயாவது ஒரு பகுதியில விசேஷமா ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க. அத வேலி போட்டு விட்டுட்டு பார்க்கிங்க தள்ளிப் போடச் சொல்லிடலாம். அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல." என் காதால் கேட்டேன். எனக்கு உயிர் வந்தது. மேடு பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

நாலு நாளும் நடந்தார்கள். சித்திரை பிறக்கவில்லை, அதற்குள் தீய்க்கிறது. ஒரு புல் இல்லை. கிளாகூடப் பூக்கவில்லை. காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, ஆள்காட்டி. பக்கியைக் காணவில்லை. கௌதாரி கத்தவுமில்லை. நாலாவது நாள் மத்தியானம் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து லிஸ்ட்டை எழுதினார். அழகான கையெழுத்து. பதினொரு வரி. பதினொன்றோடு பேனாவை மூடினார்.

"சார், மேட்டுப் பூவு?" என்றேன்.

"பாக்கலையே அண்ணாச்சி."

"இன்னா சார் பேசறீங்க? நீங்க பாத்துகீறீங்க, நானும் பாத்துகீறேன். அடியிலே கீதுன்னு அந்தம்மா சொல்லிச்சே!"

"அது அன்னைக்கு. இதுல மேல என்ன போட்டிருக்கு, படிங்க. இந்த நாலு நாள்ல பாத்ததுன்னு போட்டிருக்கு."

சர்வேக்காரர் ஃபாரத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். "சார், வேற குறிப்புன்னு கீழே இடம் விட்டிருக்கோம். முன்னாடி பாத்தது இருந்தா அங்கே எழுதலாம்." அதற்கு மேலே ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்?

அவர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு வருஷமா அங்க இல்ல அண்ணாச்சி. நான் ரெண்டு வைகாசியும் போயி, இல்லன்னு எழுதியிருக்கேன். இப்ப இருக்குன்னு எப்படி எழுத?" என்றார். எனக்கு வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "யோவ், உனுக்கு மூளை கீதா? எய்துயா! இது பிரேக்கு இல்லய்யா, யாரும் சாவ மாட்டான்!" என்று கத்தினேன். அவர் ஸ்கேலை எடுத்து, அந்தக் காலி இடத்தில் குறுக்கே கோட்டை இழுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஃபாரத்தில் 'உள்ளூர் நபர்' என்று இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருந்தது. சர்வேக்காரர் பேனாவை என்னிடம் நீட்டினார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பூ உண்டு, நான் சாட்சி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் பர்சனல் ஆபீசர் கீழே ஜீப்பில் உட்கார்ந்திருந்தார், வருஷக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் அது. அவரை அந்தக் கத்துக் கத்தியவன், பேனாவை வாங்கி ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டேன். அவர் செய்தது அவருடைய நேர்மைக்காக. நான் செய்தது எதற்காக?

ஆறு வாரத்தில் வேலி வந்துவிட்டது. வைகாசியில் மழையும் வந்தது. இரண்டு வருஷ மழையைச் சேர்த்துவைத்துக் கொட்டின மாதிரி மூன்று நாள் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேட்கும் முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தினேன். வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே மேடு முழுக்க வெள்ளை. முன்னைவிட அதிகம். பக்கத்தில் மண் தள்ளுகிற வண்டிகள் இரண்டு நின்றுகொண்டிருந்தன, ஞாயிறு என்பதால் ஆள் இல்லை.

அவர் எண்ணவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றார். "நான் தப்பா பாஸ் பண்ணிட்டேன் அண்ணாச்சி" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன் மாதிரி நின்றார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது சார் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திங்கட்கிழமை நைட் முடிந்து ரூமுக்குப் போகாமல் மேனேஜர் வருகிற வரைக்கும் கம்பெனியிலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணி அனுப்பிய சாமானில் பிறகு தப்புத் தெரிந்தால், லாரி எங்கே இருந்தாலும் திரும்பக் கூப்பிடலாம். அது அவருக்குக் கம்பெனி கொடுத்த உரிமை. அப்படித் திரும்பக் கூப்பிடுகிற ஃபாரத்தை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சாமான் பேருக்கு நேரே 'செடி, பறவை லிஸ்ட்' என்று. மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தாராம். "அது போய்ச் சேர்ந்து, அப்ரூவலும் வந்தாச்சுப்பா. நீதான போட்ட கையெழுத்து? உன் கையெழுத்துன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்கன்னுதான் உன்கிட்ட கொடுத்தோம்" என்றாராம்.

புதன்கிழமை மேட்டைத் தள்ளினார்கள். நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது பார்த்தேன். சிவப்பு மண்ணோடு கிழங்குகள், வெங்காயம் மாதிரி, வெள்ளை வெள்ளையாகப் புரண்டு கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்ரீபெரும்புதூரிலேயே இறங்கிக்கொண்டார். அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் பஸ்ஸில் அந்தப் பக்கம் வரவில்லை. புரட்டாசியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகிற நாளில் ஒரு துண்டுச் சீட்டில் என் செல் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். டிராவல்ஸில் எனக்குப் புதிதாகக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு வருஷம் ஒரு போனும் இல்லை. அந்த இடத்தில் ஷெட் வந்துவிட்டது. மேடு இருந்த இடத்தில் கார் பார்க்கிங், அழுத்தமான கான்கிரீட். புது ஃபேக்டரிக்கும் நான்தான் பஸ் ஓட்டினேன், அந்தக் கான்கிரீட்டில்தான் தினமும் நிறுத்துவேன். என் வீட்டுக்காரி வரவேயில்லை.

ஒரு வைகாசியில், முந்தின நாள் இங்கே நல்ல மழை, காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. பஸ்ஸுக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். "அண்ணாச்சி, நான்தான்" என்றார். எப்படி இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று என்னென்னவோ கேட்டேன்.

"அங்க மழைன்னு டிவியில சொன்னான். பெஞ்சுதா?"

"பெஞ்சுது சார். நல்லா பெஞ்சுது."

"சரி" என்றார். "அங்க ஏதும் பூத்துச்சா?"

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். கான்கிரீட் மேலே தண்ணீர் தேங்கி நின்றது. மஞ்சள் கோடு போட்டு வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நம்பர் எழுதியிருந்தது.

"பூத்துது சார்" என்றேன்.

"எங்கன?"

"வேலி ஓரமா. காவா பக்கத்துல கொஞ்சம் மண்ணு வுட்டுட்டாங்க, அங்கே."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். என் கண்ணால பாத்தேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "எத்தன?" என்று கேட்டார்.

"ஒரு ஏழெட்டு இருக்கும்."

"ஏழா, எட்டா?"

"ஏழு சார்" என்றேன்.

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "சரி அண்ணாச்சி, எழுதிக்கிட்டேன்" என்றார்.